டீச்சரின் நோட்டை யார் தொடர்வது?

ஒரு ஆசிரியர் இறந்துவிட்டால் முதல் பதினாறு நாள் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள், பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள், பழைய மாணவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள், படத்திறப்பில் நாலு பேர் பேச முடியாமல் அழுவார்கள். அந்த அழுகை உண்மையானதுதான். ஆனால் மூன்றாவது மாதம் பார்த்தால் குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும், ஃபிளெக்ஸ் யார் வீட்டுக் கொட்டகைக்கோ தடுப்பாகியிருக்கும், அந்த ஆசிரியர் காலமெல்லாம் யாருக்காக மல்லுக்கட்டினாரோ அந்தப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

எங்கள் டீச்சர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வட மாவட்டத்து ஊர். ஊர்த்தெரு, காலனி, ஏரிக்கரை ஓரம் இருளர் வீடுகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து முஸ்லிம் குடும்பங்கள், இன்னும் தள்ளிப் போனால் செங்கல் சூளை. இத்தனை இடத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒரே பானையில் தண்ணீர் மொள்ள வேண்டும் என்பதில் அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஐந்து வருடத்தில் நாங்கள் செய்த தப்புகளும் உண்டு, சரியாக வந்த காரியங்களும் உண்டு. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்து மறைந்திருந்தால், அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

முதலில் அவர் என்ன செய்தார் என்று விசாரியுங்கள்

சமூகநீதிக் காவலர், கல்வித்தாய் என்று பட்டம் போடுவது சுலபம், ஒரு நிமிட வேலை. அவர் அன்றாடம் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் நாளாகும். அது தெரியாமல் நினைவுப் பணி எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான். முதல் வருட நினைவு நாளை டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். நல்ல வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் வந்தார்கள், பொன்னாடை போட்டுக்கொண்டோம், சாப்பாடு பிரமாதம். சாயங்காலம் பந்தி எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் கவனித்துச் சொன்னார், இருளர் குடியிருப்பிலிருந்து ஒரே ஒருவர்கூட வரவில்லை. வரவில்லை என்றால் எப்படி வருவார்கள், யாரும் கூப்பிடவில்லையே. அவர்களில் பாதிப் பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர்கள், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்கள். டீச்சர் யாரைத் தேடித் தேடிப் போய்க் கூட்டிவந்தாரோ அவர்கள் இல்லாமலே அவருக்கு விழா எடுத்துவிட்டோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் வீடு வீடாகப் போனோம். போகும்போது 'டீச்சரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் 'ரொம்ப நல்லவங்க' என்ற பதில்தான் வரும், வேறு என்ன சொல்வார்கள். குறிப்பாகக் கேளுங்கள். வகுப்பில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது அவர் என்ன செய்தார்? உங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தார், வந்து எங்கே உட்கார்ந்தார், என்ன சாப்பிட்டார்? ஒரு அம்மா சொன்னார், டீச்சர் வந்தால் திண்ணையில் நிற்க மாட்டார், உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் கேட்பார், அதைக் குடித்த பிறகுதான் வந்த விஷயத்தைப் பேசுவார் என்று. அந்தத் தண்ணீர் எதற்கு என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்படிப் போன ஒரு நாளில்தான் டீச்சரின் மகன் அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, மொத்தம் ஏழு. அரசாங்கம் கேட்கும் பதிவேடு இல்லை, அவரே தனக்காக எழுதி வைத்தது. தேதி, பெயர், வராத காரணம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நாலு கட்டம். ஒரு வரி இப்படி இருக்கிறது: 'மூன்று நாளாக வரவில்லை. தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறான். தங்கச்சியையும் கூட்டிவரச் சொல்ல வேண்டும்.' அதற்குக் கீழே வேறு மையில் ஒரு டிக். இன்னொரு பக்கத்தில் ஒரு பெண் பிள்ளையின் பெயருக்கு எதிரே 'சூளைக்குப் போய்விட்டார்கள், பொங்கல் கழிந்து' என்று மட்டும் எழுதி, நாலாவது கட்டம் காலியாக இருக்கிறது. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தோம்.

உங்கள் ஆசிரியருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். டைரி, கடிதக் கட்டு, கடன் கொடுத்த கணக்கு, பழைய போட்டோவின் பின்பக்கக் குறிப்பு, எதுவாகவும் இருக்கலாம். குடும்பத்திடம் பக்குவமாகக் கேளுங்கள், கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வைத்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் வரும் பிள்ளைகளின் பெயரையும் வீட்டுக் கஷ்டத்தையும் வெளியே விடக்கூடாது, எவ்வளவு நெகிழ்ச்சியான பக்கமாக இருந்தாலும் சரி. அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதிருக்கும், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். அவனைக் கேட்காமல் அவன் பசியை ஃபேஸ்புக்கில் போட நமக்கு உரிமை கிடையாது.

விசாரிக்கும்போது கசப்பான விஷயங்களும் வரும். டீச்சர் வந்த புதிதில், பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போடுகிறார் என்று சில வீட்டார் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நிறுத்தினார்கள், அவரை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். அதே வீட்டுக்காரர்கள் சிலர் இறுதி ஊர்வலத்தில் மாலையோடு நின்றார்கள். அவர்களை அவமானப்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, மனசு மாறியிருந்தால் சந்தோஷம்தான். ஆனால் நடந்ததை மறைத்துவிட்டு 'எல்லோருடைய அன்புக்கும் பாத்திரமானவர்' என்று எழுதினால் அவர் தனியாக நின்ற அந்த வருடங்களை நாமே அழித்துவிட்டோம் என்று அர்த்தம். எழுதுங்கள், பெயர் போடாமல் எழுதுங்கள். அதே மாதிரி அவர் குறையையும் மறைக்க வேண்டாம். எங்கள் டீச்சர் பிரம்பு எடுப்பார், என் கையிலும் வாங்கியிருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து அடிப்பதைத் தடை செய்துவிட்டது, அது சரியான தடை. அவரைத் தொடர்வது என்றால் பிரம்பையும் தொடர்வது இல்லை.

அவரை ஒரு சாதிக்குள் அடைக்க விடாதீர்கள்

இது கண்டிப்பாக வரும், தயாராக இருங்கள். ஆசிரியர் உயிரோடு இருந்தவரை அவரைத் திரும்பிப் பார்க்காத சாதிச் சங்கம், இறந்ததும் 'நம் சமூகத்தின் மாணிக்கம்' என்று போஸ்டர் அடிக்கும், பெயருக்குப் பின்னால் அவர் ஒருநாளும் போட்டுக்கொள்ளாத பட்டத்தை ஒட்டும். எங்களிடம் ஒருவர் நல்ல தொகை தருவதாகச் சொல்லி வந்தார், கல்வெட்டில் அந்தப் பட்டம் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. குழுவிலேயே இரண்டு பேர், 'ஒரு வார்த்தைதானே, பிள்ளைகளுக்குத்தானே காசு' என்று சொன்னார்கள். வேண்டாம் என்று முடிவெடுக்க ஒரு ராத்திரி முழுக்கப் பேச வேண்டியிருந்தது. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அதனால் முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெயரோடு சாதிப் பட்டம் வராது, எந்தச் சாதி சங்கத்தின் மேடையிலும் இந்த நினைவுப் பணி சேராது, கட்சிக்காரர்கள் வரலாம், கட்சிக் கொடி வரக்கூடாது. இதைப் பணம் வருவதற்கு முன்னாலேயே எழுதிவிட வேண்டும், பணம் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

அப்புறம் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் முதல் குழுவில் ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள், எட்டுப் பேர் ஊர்த்தெரு. டீச்சரின் பெயரில் அப்படி ஒரு குழு! கலைத்துவிட்டு மறுபடி போட்டோம். இப்போது பாதிக்கு மேல் பெண்கள், காலனியிலிருந்து மூவர், இருளர் குடியிருப்பிலிருந்து இருவர், முன்னாள் சத்துணவு அமைப்பாளர் ஒருவர், பார்வையில்லாத ஒரு முன்னாள் மாணவர். கணக்குப் புத்தகம் காலனியில் இருக்கும் ஒரு அக்காவிடம்தான் இருக்கிறது. பேருக்கு உட்கார வைத்துவிட்டு முடிவை வேறு நாலு பேர் டீக்கடையில் எடுக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய. பணத்தில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும். கூட்டத்தையும் வேலைக்குப் போகிறவர்கள் வர முடிகிற நேரத்தில் வையுங்கள். பகல் பதினோரு மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

பணம்

சிலை வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். பொது இடத்தில் சிலை என்றால் அரசு அனுமதி வேண்டும், வைத்த பிறகு அதற்குக் கூண்டு போட்டுப் பூட்டுப் போடுகிற ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால் ஆசிரியருக்குச் சிலை வேண்டாம். அந்தக் காசில் பத்து வருடம் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்.

தொகை சின்னது என்றால் அறக்கட்டளை பதிவு செய்கிற அலைச்சலெல்லாம் உடனே தேவையில்லை. மூன்று பேர் பெயரில் கூட்டு வங்கிக் கணக்கு, அவர்களில் இரண்டு பேராவது கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு, அது போதும். தனிநபர் ஜீபே எண்ணுக்கு மட்டும் பணம் வாங்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும். தொகை லட்சங்களைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை ஆவணம் பதிவு செய்யலாம், இல்லையென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்யலாம். பிறகு பான் கார்டு, வருமான வரித் துறையில் அறக்கட்டளைக்கு வரிவிலக்குப் பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்கும் பதிவு. ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள், முன்னாள் மாணவர்களில் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டவர் என்றால் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாமல் அறக்கட்டளை அந்தப் பணத்தை வாங்கக்கூடாது. ஆசையாகத் தருகிறார் என்று வாங்கிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பள்ளிக் கட்டடத்துக்கோ மேசை நாற்காலிக்கோ கொடுக்க நினைத்தால், 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுக்கலாம், அது முறையான வழி. எதுவாக இருந்தாலும் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். அந்தக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு, அந்த வாய்ப்பை விடாதீர்கள்.

முதல் தொகையைத் தொடாமல் வட்டியில் நடத்த வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐந்து லட்சம் சேர்ந்து, ஏழு சதவீத வட்டி கிடைத்தால் வருடத்துக்கு 35,000 ரூபாய். அவ்வளவுதான். ஐந்து லட்சம் சேர்க்கவே எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. அதுவரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதால், வருகிற பணத்தில் பாதியை வைப்பில் போட்டோம், பாதியை அந்தந்த வருடமே செலவழித்தோம்.

உதவித்தொகையை யாருக்கு, எதற்குக் கொடுப்பது

பெரும்பாலான ஊர்களில் நினைவுப் பரிசு பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்குப் போகிறது. அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள், ஒரு புத்தகம் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் டீச்சரின் ஏழு நோட்டிலும் முதல் மார்க் வாங்கியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அதில் இருப்பதெல்லாம் நின்றுபோனவர்கள், நிற்கப் போகிறவர்கள். உதவித்தொகையும் அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

அரசு என்ன தருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏற்கெனவே இருப்பதையே நீங்களும் கொடுத்து என்ன பயன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. தொழிற்கல்விக்கு முதல் பட்டதாரிச் சலுகை. எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். இவ்வளவு இருந்தும் ஏன் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்? இந்தப் பணம் எல்லாம் பிறகு வருகிறது, செலவு முன்னால் வருகிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், விடுதி முன்பணம், பஸ், ஒரு ஜோடி செருப்பு, இரண்டு நல்ல உடை, விண்ணப்பக் கட்டணம், இ-சேவை மையத்துக்கு நாலு தடவை போய்வரும் செலவு. எங்கள் ஊரில் ஒரு பெண் நர்சிங் சீட் கிடைத்தும் விடுதியில் கட்டக் கையில் 6,000 ரூபாய் இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள். எங்களுக்குத் தெரிந்தபோது சேர்க்கை முடிந்து இரண்டு வாரம். அதிலிருந்து எங்கள் பணம் முழுக்க அந்த முதல் மாதத்துக்குத்தான். ஜூன், ஜூலையில் கேட்ட அன்றைக்கே கொடுத்துவிடுவோம், விண்ணப்பப் படிவம் கிடையாது, குழுவில் இரண்டு பேர் சரி என்றால் போதும்.

பணத்தை விடப் பெரிய தடை சில பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ். எஸ்சி சான்றிதழைத் தாசில்தார் தருவார், எஸ்டி என்றால் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். அப்பா அம்மா யாரிடமும் பழைய சான்றிதழ் இல்லாத இருளர் குடும்பம் இதற்காக அலைவதைக் கூடவே போய்ப் பார்த்தால்தான் தெரியும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதே 2023 தொடக்கத்தில்தான். அதனால் உங்கள் குழுவில் ஓய்வு பெற்ற விஏஓவோ வருவாய்த் துறையில் இருந்தவரோ இருந்தால் அவரை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மனு எழுதுவது, கூடப் போவது, ரசீது வாங்கி வைப்பது. இதற்குக் காசு பெரிதாக ஆகாது, ஆள் வேண்டும், பொறுமை வேண்டும்.

கொடுக்கும் விதம் பற்றி ஒன்று. மேடையில் நிற்க வைத்துப் பெரிய அட்டைக் காசோலையோடு போட்டோ எடுக்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் கொடுங்கள், இல்லையென்றால் கணக்கில் போடுங்கள். டீச்சர் வாங்கிக் கொடுத்த பாவாடை சட்டையைப் பற்றி என் கூடப் படித்தவள் முப்பது வருடம் கழித்துத்தான் என்னிடமே சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாமல் கொடுத்திருக்கிறார்.

பள்ளிக்குள்ளே

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது, கையில் சாதி நிறக் கயிறு கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் தெரியக்கூடாது, உதவித்தொகை வாங்கும் மாணவர்களை வகுப்பில் எழுப்பி அடையாளம் காட்டக்கூடாது என்று அதில் நிறையப் பரிந்துரைகள். அதைப் படித்தபோது எங்கள் டீச்சர் அகர வரிசையில் உட்கார வைத்ததற்காக வாங்கிய வசவெல்லாம் ஞாபகம் வந்தது. உங்கள் ஆசிரியரின் நினைவாகப் பள்ளியில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால், இந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போய் இதில் எது நம் பள்ளியில் நடக்கிறது, எது நடக்கவில்லை என்று உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் கண்டுபிடிக்கிற தொனியில் போகாதீர்கள். இரண்டு ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்பு நடத்துகிறவர் அவர், என்ன உதவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டு வரிசையை நேரில் போய்ப் பாருங்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்ததும், அந்த அம்மா விடாமல் நின்றதும் செய்தியில் வந்தது. எங்கள் நினைவு நாளில் இப்போது மண்டபம் இல்லை, பொன்னாடை இல்லை. பள்ளியில் சத்துணவு அம்மா சமைத்ததை எல்லோரும் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், முன்னாள் ஊராட்சித் தலைவரும் சேர்ந்துதான். பேச்சு அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை.

நூலகம் வைத்தால் புத்தகத்தைப் பூட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழியட்டும். அயோத்திதாசர், அம்பேத்கர், பெரியார் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதப்பட்ட புத்தகங்களோடு, இருளர் வாழ்க்கை, மீனவர் வாழ்க்கை, முஸ்லிம் வீட்டுக் கதை, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் கதை எல்லாம் இருக்கட்டும். தன் வீட்டு மாதிரி ஒரு வீட்டைப் புத்தகத்தில் முதல்முறை பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். எலி பிடிக்கிற தாத்தா வருகிற கதை ஒன்றை ஒரு பையன் ஒரே வாரத்தில் நாலு தடவை வாங்கிக்கொண்டு போனான். பள்ளிச் சுவருக்கு வெளியே சாய்தளம் ஒன்று கட்டிக் கொடுத்தோம், அதற்கு ஆன செலவு எங்கள் முதல் வருட மண்டப வாடகையை விடக் குறைவு.

சூளைப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள், அவர்கள் நம் மாவட்டத்துக்காரர்களாக இருந்தாலும் சரி, ஒடிசாவிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும் சரி. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டிசி வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இது தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோர் நிறையப் பேர். கூட ஒருவர் போய் நின்றால் அன்றைக்கே சேர்க்கை முடிந்துவிடும்.

எந்த நாளில், எத்தனை வருடம்

இறந்த நாளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆசிரியர் எந்த மாதம் அதிகம் ஓடினாரோ அந்த மாதத்தில் வேலை செய்யுங்கள். எங்களுக்கு அது இரண்டு தடவை. ஜூனில் சேர்க்கை, பொங்கல் கழிந்து குடும்பங்கள் சூளைக்குக் கிளம்பும் நேரம்.

மகாராஷ்டிரத்தில் சாதிக்கு எதிராக நின்ற ஜோதிராவ் புலே 1890இல் இறந்தபோது அவர் மனைவி சாவித்திரிபாய் என்ன செய்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1848இல் புனேவில் இருவரும் சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர்கள், அதற்காகச் சாணியடியும் கல்லடியும் வாங்கியவர்கள். கணவர் போன பிறகு, அவர் தொடங்கிய சத்யசோதக் சமாஜம் என்ற அமைப்பின் வேலையைச் சாவித்திரிபாய் தோளில் எடுத்துக்கொண்டார், 1897இல் பிளேக் வந்தபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, அதே நோயில் இறந்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளிகள், அவர் 1959இல் மறைந்த பிறகும் தலித் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தன. இரண்டு இடத்திலும் வேலை நிற்கவில்லை.

நீடித்து நடக்க வேண்டும் என்றால் இளையவர்களைச் சேர்க்க வேண்டும். டீச்சரைப் பார்க்காதவர்கள், அவர் உதவியில் படித்தவரின் மகளோ மகனோ. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாறட்டும். வரவு செலவைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் காலனி நூலகச் சுவரிலும் ஒட்டுங்கள், பைசா வரை. சந்தேகம் வந்த பிறகு கணக்குக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நாங்கள் இப்போது எட்டாவது நோட்டு வாங்கியிருக்கிறோம், அதே லாங் சைஸ், அதே நாலு கட்டம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண் எழுதுகிறாள், ஏரிக்கரையிலிருந்து முதலில் கல்லூரி போனவள் அவள்தான். போன பிப்ரவரியில் ஒரு பெயருக்கு எதிரே 'சூளைக்குப் போய்விட்டார்கள்' என்று எழுதினாள். நாலாவது கட்டத்தில், 'எந்தச் சூளை என்று தெரிந்தது. பக்கத்துப் பள்ளியில் பேசியாகிவிட்டது. சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்' என்று இருந்தது. சனிக்கிழமை இரண்டு பேர் வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை டிக் போட்டிருந்தாள்.